கறி முயலோடு அழகு முயலும் வளர்த்தால் கட்டுப்படியாகுமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பாபநாசம் பக்கத்தில் 8 பெட்டையும் 2 ஆணுமாகக் கறி முயல் வைத்திருக்கிறீர்கள். கறி வாங்க வருகிறவர்கள் பிள்ளைகளையும் அழைத்து வருகிறார்கள், பிள்ளைகள் “சின்ன முயல் இல்லையா” என்று நச்சரிக்கின்றன. இரண்டு ஜோடி டுவார்ஃப், அதாவது குட்டை இன முயல், வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகுமா, அதே கொட்டகையில் வைக்கலாமா, தனியாக ஆண் வாங்காமல் இருக்கிற பிராய்லர் (கறி முயல்) ஆணையே சேர்த்துவிடலாமா, விற்காமல் நின்றதைக் கறிக்குத் தள்ளலாமா?

ஆண் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில்தான் உயிர் போகும். சேர்க்கவே சேர்க்காதீர்கள். டுவார்ஃப் பெட்டை ஒரு கிலோ, உங்கள் ஆண் நாலு கிலோவுக்கு மேல். குட்டி வயிற்றிலேயே பெருத்துவிடும், இடுப்பெலும்பு வழிவிடாது. எனக்கு இது தாழ்ப்பாள் சரியாக விழாததால் நடந்தது. பத்து நிமிடம்கூட இருக்காது, பார்த்துப் பிரித்துவிட்டேன். பிரித்து என்ன பயன்? முயல் மாடு மாதிரி பருவத்துக்கு வந்து நிற்கிற பிராணி இல்லை. ஆண் ஏறிய பிறகுதான், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில், கருமுட்டையே வெளியாகும். 31-ஆம் நாள் முக்க ஆரம்பித்தது, மறுநாள் சாயங்காலம் செத்துப்போனது. உள்ளே இரண்டே குட்டி, இரண்டும் எலி அளவு இல்லை, பெருச்சாளிக் குட்டி அளவு.

சரி, மாற்றிப் போட்டால்? சின்ன ஆணைப் பெரிய பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக்கு ஆபத்தில்லை, ஆண் எட்டினால் சினையும் பிடிக்கும். ஆனால் பிறப்பது இரண்டு, இரண்டரைக் கிலோவுக்கு வளரும் ரெண்டுங்கெட்டான். கறிக்காரருக்கு எடை போதாது, பிள்ளைக்குக் கையில் அடங்காது.

இந்த இடத்தில் டுவார்ஃப் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். இது தெரியாமல் வாங்கி, குட்டி செத்துக்கொண்டே இருக்கிறது என்று கைவிட்டவர்கள் நிறைய. நெதர்லாந்து டுவார்ஃப் முயலைச் சின்னதாக்குவது ஒரு மரபணு. அது தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ ஒரு பங்கு வந்தால் குட்டி உருண்டைத் தலையும் குட்டைக் காதுமாக அழகாக நிற்கும். இரண்டு பக்கமிருந்தும் வந்தால் பிழைக்காது. பிறக்கும்போதே கூடப் பிறந்ததில் பாதி அளவுதான் இருக்கும், தலை மட்டும் உப்பி, இடுப்பு சூம்பி, ஓரிரு நாளில் போய்விடும். அசல் டுவார்ஃப் இரண்டைச் சேர்த்தால் கணக்குப்படி நாலில் ஒன்று இப்படிப் போகும். உங்கள் வளர்ப்பில் குறை என்று நினைத்து டானிக் வாங்கி ஊற்றாதீர்கள், அதற்கு வைத்தியமே கிடையாது.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. அதே குடும்பத்தில் அந்த மரபணு வராமல் பிறக்கும் குட்டியும் உண்டு. காது நீண்டு, உடம்பு கொஞ்சம் பெரிதாக, பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது. விற்பவர் அதைக் கழிசல் என்று ஒதுக்கி வைத்திருப்பார். பெட்டையாக இருந்தால் அதைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். அந்தப் பெட்டைக்கு அசல் டுவார்ஃப் ஆணைச் சேர்த்தால், சூம்பிய குட்டி ஒன்றுகூட வராது, சராசரியாகப் பாதிக் குட்டி அசல் டுவார்ஃப், பாதி அம்மாவைப் போல. இடுப்பும் அகலம், பாலும் கூடுதல். அழகான பெட்டையைத் தேடித் தேடி வாங்கி ஏமாந்த பிறகு எனக்குப் புரிந்த விஷயம் இது.

ஏமாந்தது என்றதும் இன்னொன்று. நம் பக்கத்துச் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் “டுவார்ஃப், இதுக்கு மேல வளராது” என்று கூடையில் வைத்து விற்பதில் பெரும்பாலானவை ஒரு மாதத்துப் பிராய்லர் குட்டிகள். நான் முதலில் வாங்கிய ஜோடியும் அப்படித்தான், ஐந்தாம் மாதம் மூன்றரைக் கிலோ. சிவந்த கண்ணோடு முழு வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள், அநேகமாக நியூசிலாந்து வெள்ளைதான். பின்னங்காலைப் பாருங்கள்: உடம்புக்குப் பொருந்தாமல் பாதம் நீண்டிருந்தால் அது வளரப்போகிற குட்டி. காது தலையைவிட நீளமாக நின்றாலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேல், தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவருக்கும் தாய் தகப்பனைக் கூண்டோடு காட்டுங்கள். இந்த வியாபாரத்தில் உங்களுக்கு இருக்கப்போகிற ஒரே பலம் அதுதான், ஏனென்றால் கூடைக்காரரோடு விலையில் போட்டி போட உங்களால் முடியாது.

எந்த இனம் என்றால், நான் டுவார்ஃபில் ஆரம்பிக்கச் சொல்ல மாட்டேன். டச்சில் ஆரம்பியுங்கள். முகத்தில் வெள்ளைப் பட்டை, கழுத்தைச் சுற்றி வெள்ளை, பின்பக்கம் கறுப்போ சாம்பலோ பழுப்போ, பார்த்தாலே பிள்ளைகள் விட மாட்டார்கள். வளர்ந்தால் இரண்டு கிலோவை ஒட்டித்தான். மேலே சொன்ன மரபணுத் தொல்லை கிடையாது, ஈற்றுக்கு நாலைந்து குட்டி, நல்ல தாய். பட்டை கோணலாக விழுந்த குட்டியை விலை குறைத்துக் கொடுக்கலாம், யாரும் கண்டுகொள்வதில்லை. டச்சில் கை பழகிய பிறகு டுவார்ஃபுக்குப் போகலாம். டுவார்ஃபில் முகம் குட்டையானதால் பல் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளர்ந்துகொண்டே போகிற குறை வரும், அதையும் பார்த்து வாங்க வேண்டும். அங்கோரா, சிங்கப் பிடரி மயிர் வைத்த லயன்ஹெட் இரண்டும் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். அங்கோரா நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சரி. நம் சித்திரை வெயிலில் அந்த மயிரோடு அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. காது தொங்கும் லாப் வகைக்குக் காதுக்குள் அழுக்குச் சேரும், சொறிப்பூச்சி பிடித்தாலும் வெளியே தெரியாது, வாரம் ஒரு முறை காதைத் தூக்கிப் பார்க்கும் பொறுமை இருந்தால் வையுங்கள்.

கட்டுப்படியாகுமா என்பதை ரூபாயில் சொன்னால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும், கிலோவில் சொல்கிறேன். ஒரு பிராய்லர் பெட்டை வருடத்துக்கு 5 ஈற்று, ஈற்றுக்குத் தங்குவது 6 குட்டி, ஆக 30. மூன்று மாதத்தில் தலைக்கு இரண்டு கிலோ என்று வையுங்கள், 60 கிலோ உயிர் எடை. டுவார்ஃப் பெட்டை ஈற்றுக்கு இரண்டிலிருந்து நாலு, சராசரி 3, நாலு ஈற்றுக்கு 12 குட்டி. அப்படியானால் ஒரு டுவார்ஃப் குட்டி 5 கிலோ உயிர் எடைக்கான விலைக்குப் போனால்தான் வரவில் இரண்டும் சமம். ஆனால் அந்த 60 கிலோவின் விலையில் பாதிக்கு மேல் தீவனச் செலவிலேயே போயிருக்கும், இந்த 12 குட்டியும் இரண்டே மாதத்தில் கையை விட்டுப் போய்விடும். அதனால் 3 கிலோ விலை கிடைத்தாலே எனக்குச் சம்மதம். டச்சில் 18, 20 குட்டி வரும், இரண்டரைக் கிலோ விலைக்கே ஒத்துவரும். உங்கள் ஊர்ப் பண்ணை விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். வெறும் கூட்டல் கழித்தலில் நன்றாகத்தான் தெரியும். இடிக்கிற இடம் வேறு: 60 கிலோ கறி முயலை ஒரே வியாபாரி ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு போவார், 12 செல்ல முயலுக்குப் பன்னிரண்டு வீட்டுக்காரரோடு பேச வேண்டும். இரவு பத்து மணிக்கு “அண்ணே, முயல் சாப்பிடல” என்று போன் வரும். அதை எடுத்துப் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். “ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், குட்டியை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம்” என்று ஒருவர் சொல்லி நானும் நம்பி வாங்கினேன், குட்டி விற்பனைக்கு வந்த மாதம் போனை எடுக்கவில்லை.

இரண்டையும் சேர்த்து வளர்ப்பதில் நிஜமாகவே லாபமான ஒரு விஷயம் உண்டு, அது வளர்ப்புத் தாய். டுவார்ஃப் சில சமயம் ஒற்றைக் குட்டிதான் போடும். ஒற்றைக் குட்டிக்கு ஒட்டிக்கொள்ளக் கூடப்பிறந்தது இல்லை, மயிரும் முளைத்திருக்காது, ராத்திரிக் குளிரிலேயே போய்விடும். அதனால் டுவார்ஃபைச் சேர்க்கிற அன்றே ஒரு டச்சையோ பிராய்லரையோ சேர்த்துவிடுங்கள். 31-ஆம் நாளை ஒட்டி இரண்டும் ஈனும். இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் என்றால் குட்டியை மாற்றி வைக்கலாம். புதுத் தாய் ஈனும் பெட்டியில் பிய்த்துப் போட்டிருக்கும் மயிரில் குட்டியைப் புரட்டி, நடுவில் வைத்து மூடிவிட்டால் போதும், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். தாய் நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும், மற்ற நேரம் பெட்டிப் பக்கமே போகாது. அதைப் பார்த்துப் பயந்து பாட்டில் பால் கொடுக்க வேண்டாம், காலையில் குட்டி வயிறு உருண்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஏழு பிராய்லர் குட்டிகளுக்கு நடுவே ஒரு டுவார்ஃபை விட்டால் முலைக்காம்பு கிடைக்காது. பிராய்லர் குட்டிகளில் சிலவற்றை வேறு தாய்க்கு நகர்த்தி இடம் பண்ணிக் கொடுங்கள்.

கொட்டகை. ஒரே கூரை வேண்டாம் என்பது என் முடிவு. குறைந்தது நடுவில் ஒரு தடுப்புச் சுவர், தனி வாளி, தனித் துடைப்பம். கறி முயல் மூன்று மாதத்தில் போய்விடுகிறது, லேசான சொறியோ மூக்கு ஒழுகலோ இருந்தாலும் நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதே சொறி அழகு முயலுக்கு வந்தால் அது வீட்டுக்குள் போகிறது, பிள்ளை மடியில் உட்காருகிறது. படர்தாமரை முயலிலிருந்து மனிதருக்கு ஒட்டும். ஒரு வருடம் என்னிடம் வாங்கிய வீட்டில் குழந்தைக்குக் கழுத்தில் வட்டமாக வந்துவிட்டது. முயலைத் திரும்ப எடுத்துப் பணத்தையும் கொடுத்தேன், பேர் கெட்டது கெட்டதுதான். வெளியிலிருந்து வரும் எந்த முயலையும் ஒரு மாதம் தனியே வைத்த பிறகே உள்ளே விடுகிறேன். மருந்தை நீங்களாகப் போடாதீர்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, உங்களுக்குத் தஞ்சாவூர் வழியாக வந்து போகிற தூரம்தான். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரே முயலைக் கொன்றுவிடும். அமாக்ஸிசிலின் என்கிற ஆன்டிபயாடிக்கை வாய் வழியாகக் கொடுத்தால் குடல் கெட்டுச் சாகும். இரண்டும் மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், கட்டெறும்பு ஏறினால் பிறந்த குட்டிகள் ஒரே ராத்திரியில் காலி. சாரைப் பாம்பு, பெருச்சாளி, பூனை நம் வயல் பக்கத்தில் எப்போதும் உண்டு, சின்ன முயல் கூண்டுக்குக் கம்பி இடைவெளி இன்னும் நெருக்கமாக வேண்டும். 2018 நவம்பர் கஜா புயலில் என் தகரக் கூரை தென்னை மரத்தோடு போனது. அதற்குப் பிறகு கீற்றுத்தான் போடுகிறேன், வெயிலுக்கும் அதுவே நல்லது.

வெயில் என்றதும் முக்கியமான கணக்கு ஒன்று. முயலுக்கு வியர்க்காது. காற்று 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும், 35-க்கு மேல் சினைப் பெட்டை செத்தே போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் ஈரம் வேறு, அங்கே ஈரச் சாக்கு தொங்கவிட்டாலும் பெரிய பலன் இல்லை, காற்றோட்டம்தான் வழி. உயிரோடு தப்பினாலும் ஆணின் விந்து கெட்டுவிடும், அது புதிதாக ஊறி வர ஏழெட்டு வாரம் ஆகும். சித்திரை, வைகாசியில் வெந்த ஆணை ஆனியில் சேர்த்துவிட்டுச் சினை நிற்கவில்லை என்று பெட்டையைப் பழி சொல்லாதீர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், செல்ல முயலுக்குக் கிராக்கியே பள்ளிக்கூடம் விடும் கோடை லீவில்தான். அதனால் பின்னாலிருந்து எண்ணுங்கள். விற்பனை வயது 8 வாரம், அதற்கு முன் சினை ஒரு மாதம். பொங்கல் முடிந்து தை நடுவில் சேர்த்தால் மாசியில் குட்டி, சித்திரையில் கையில் கொடுக்கலாம். தையில் குளிர்ச்சி இருக்கிறது, ஆணும் தெளிவாக இருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பால் மறக்கும் வயதில் குட்டி இருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், ஈரத்தில் ரத்தக்கழிச்சல் வந்தால் ஒரு பெட்டிக் குட்டி முழுக்கப் போய்விடும்.

தீவனம் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை, வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன். கறிக் குட்டிக்குக் கொடுக்கிற அளவு அடர்தீவனம் சின்ன முயலுக்குக் கொடுத்தால் கொழுத்துச் சினை பிடிக்காது. வேலிமசால், முயல் மசால், அருகம்புல் இவைதான் பிரதானம். தை, மாசியில் தூவிய உளுந்தும் பயறும் பங்குனியில் அடித்து முடிந்ததும் மிஞ்சுகிற காய்ந்த கொடியைச் சேர்த்து வையுங்கள், மழைக்காலத்தில் புல் ஈரமாக இருக்கும்போது அது கைகொடுக்கும். கொடிக்கால் பக்கத்தில் அகத்தி கிடைத்தால் கொஞ்சமாக. வரப்புப் புல் அறுக்கும் முன் பக்கத்து வயலில் மருந்து அடித்தார்களா என்று கேட்டுவிடுங்கள். மழைக்காலத்துக் கடலைப் பிண்ணாக்கில் பூசணம் இருந்தால் மாட்டுக்குக்கூட யோசிக்கலாம், முயலுக்கு வேண்டவே வேண்டாம், ஈரலைத் தின்றுவிடும்.

இனி விற்பனை. கறி முயலுக்கு யார் கையும் பட வேண்டியதில்லை. செல்ல முயலைக் கண் திறந்து, பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு, தினமும் எடுத்துத் தடவ வேண்டும். என் வீட்டில் அது பேத்தியின் வேலை. அப்படிப் பழகாத குட்டி மடியில் வைத்ததும் உதைக்கும், உதைக்கும்போது அதன் முதுகெலும்பே ஒடியும். வாங்க வருகிறவர் முதலில் காதைப் பிடித்துத்தான் தூக்குவார், நம் ஊர்ப் பழக்கம் அப்படி. ஒரு கையை நெஞ்சுக்கும் ஒரு கையைப் பின்பக்கத்துக்கும் கொடுத்துத் தூக்கிக் காட்டுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிறேன்: குளிப்பாட்டக் கூடாது, பிஸ்கட், சாதம், ரொட்டி கூடாது, கேரட் என்பது எப்போதாவது ஒரு துண்டு, நாள் முழுக்கப் புல். குளிப்பாட்டிச் செத்த முயல் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும். ஆண் பெண் அடையாளம் ஒரு மாதத்தில் சொல்வது எனக்கே தப்பும், 8 வாரத்தில் சொன்னால் அநேகமாகச் சரியாக வரும். ஜோடி கேட்பவருக்கு இரண்டு பெட்டை கொடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் ஆறு மாதத்தில் பத்து முயலோடு திரும்பி வருவார்கள். கடைக்குக் கொடுப்பதானால் அந்தக் கடை 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி பதிவு செய்ததா என்று பாருங்கள், முயலும் அதில் வருகிறது.

நின்றுபோனதைக் கறிக்குத் தள்ளலாமா என்றால், டச்சைத் தள்ளலாம், இரண்டு கிலோ இருக்கிறது. டுவார்ஃபில் உரித்தால் அரைக் கிலோ தேறுமா என்பதே சந்தேகம். தள்ளுவதில் எனக்குக் கூச்சம் இல்லை, முயல் வளர்க்கிறவனுக்கு அது இருந்தால் தொழில் நடக்காது. ஆனால் பேர் வைத்து வளர்த்து, இடம் மாறிப் போகிறோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதை மட்டும் அனுப்ப மாட்டேன். கேட்டால் காரணமும் உண்டு: அந்த வீட்டில் அதற்கு என்னென்ன மருந்து போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? கறி அறுப்பதும் முயல் காட்டுவதும் ஒரே நாளில் வேண்டாம். கறி வெள்ளிக்கிழமை இரவும் ஞாயிறு காலையும், பிள்ளைகள் வருவது சனிக்கிழமை என்று எங்கள் ஊரில் பழக்கிவிட்டேன்.

அறுவடை நாளில் வயலில் பிடித்த காட்டு முயல் குட்டியை யாராவது கொண்டுவந்து “இதையும் வைத்துக்கொள்” என்பார்கள். வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் முயலோடு அது சேர்ந்து குட்டி போடும் என்பதும் கதைதான், இரண்டும் வேறு வேறு இனம். காட்டு முயல் குட்டி கண் திறந்து மயிரோடு பிறக்கும், நம் குட்டி குருடாக மொட்டையாகப் பிறக்கும், அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போதைக்கு டச்சில் ஓர் ஆண், மூன்று பெட்டை போதும். ஆணை ஓரிடத்திலும் பெட்டையை வேறிடத்திலும் வாங்குங்கள், கடைக்காரர் ஜோடி என்று கொடுப்பது பெரும்பாலும் கூடப்பிறந்ததாக இருக்கும். ஆவணியில் இரண்டு மாதக் குட்டியாக வாங்கி, ஒரு மாதம் தனியே வைத்து, அடைமழைக்கு முன் கொட்டகைக்குள் பழக்கிவிட்டால் தை வரும்போது ஏழு மாதம் ஆகியிருக்கும். பெட்டையைத்தான் ஆண் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆணைப் பெட்டைக் கூண்டுக்குள் விட்டால் கடித்துக் குதறிவிடும். சேர்த்த தேதியைக் கூண்டிலேயே எழுதித் தொங்கவிடுங்கள், 28-ஆம் நாள் பெட்டி வைக்க மறக்காது.